பாதிக் கற்கண்டு

நைனா திருமலைக்குப் பஸ் ஓட்டினார். நாங்கள் திருச்சானூரில் குடியிருந்தோம். வண்டியை விட்டுவிட்டு அவர் மதியம் வீட்டுக்கு வரும் நாட்களில் சட்டைப்பையில் ஒரு துண்டு லட்டு இருக்கும். முழு லட்டையே கொடுத்தாலும் எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் கற்கண்டுதான். அதை நைனா கடைவாயில் வைத்துக் கடக்கென்று கடித்து, பாதியை எனக்குத் தருவார். அவர் கடித்துத் தராத கற்கண்டு எனக்கு இனிக்கவே இனிக்காது.

சாப்பிட்டதும் அவர் பாயில் சாய்வார். நானும் பக்கத்தில் படுத்து அந்தப் பாதியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். அது கரையக் கரைய மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குள் திரும்பும். பஸ் மெல்ல மேகத்துக்குள் நுழையும்போது தூங்கியிருப்பேன். எழுந்தபின் அம்மா வாய் கொப்பளிக்க விடமாட்டாள். பிரசாதத்தைக் கொப்பளித்துத் துப்புவது எங்கள் வீட்டில் பெரிய பாவம். அந்தப் பாவத்தைச் செய்யாமலேயே என் கடைவாய்ப் பல் கறுத்து ஓட்டை விழுந்தது.

கன்னம் வீங்கியதும் நைனாவும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் திருப்பதிக்குக் கூட்டிப்போனார்கள். “பூச்சி துன்னுட்ச்சு” என்றாள் அம்மா. பல் டாக்டரம்மா சிரித்தார்.

“பூச்சி இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாத கிருமி. எல்லார் வாயிலயும் இருக்குது. இவ இனிப்ப அடக்கி வச்சிக்கினு தூங்குறா இல்ல, அத துன்னு அதுங்க புளிப்பா மாத்துது. அந்தப் புளிப்புதான் பல்லக் கரைக்குது.”

“பிரசாதம் துன்ற கிருமி நல்ல கிருமிதானே?” என்று கேட்டேன். கற்கண்டுக் கதையையும் பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா நைனாவின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்.

“உங்களுக்கே நாலு சொத்த இருக்குதே. இனிமே கடிச்சுக் குடுக்காதீங்கண்ணா. பெரியவங்க வாயிலர்ந்தும் பசங்களுக்குப் போவும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். திறந்த வாயை நைனா சட்டென்று மூடிக்கொண்டார்.

அதன்பின் கற்கண்டை அம்மிக்கல்லில் தட்டி உடைத்துத் தந்தார். தின்றதும் கொப்பளிக்கச் சொன்னதும் அவர்தான். அம்மாகூட அதைத் தடுக்கவில்லை. முத்தம் கேட்டால் தலையைத் தடவிவிட்டு விலகினார். பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

“நைனா, நீயே கடிச்சுக் குடு” என்று ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதேன்.

“வோணாங் கண்ணு. போய் வெளாடு.”

பல்லைக் கெடுத்துக்கொண்ட என்னை அவருக்கு இனிப் பிடிக்காது என்றே நினைத்தேன். அவருடைய கோபமெல்லாம் தன் வாயின்மேல்தான் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.