காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

மகளுக்கு மொட்டை போட நாள் குறித்திருந்த வாரத்தில்தான் அந்தக் கட்டுரையையும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. தொலைதூரக் கல்வியில் வரலாறு முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கேள்வி ஒன்றுதான்: அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் வரலாற்றையும் நீடித்த விளைவுகளையும் விளக்குக.

மகள் தூங்கும் மதியங்களில் படித்தேன். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு அடைத்து, கடலுக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்களிலும் பருத்தித் தோட்டங்களிலும் விற்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. இவ்வளவும் பள்ளியிலேயே படித்ததுதான். படிக்காத ஒரு வரியில் நின்றுவிட்டேன். கப்பலில் ஏற்றும் முன் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் தலையை மழித்துவிடுவார்களாம்.

அன்று மாலை கணவரிடம் மொட்டையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

"அவங்க மொட்டை வேற, நம்ம மொட்டை வேற. வேண்டிகினது யாரு, நானா?" என்றார்.

வேண்டிக்கொண்டது நான்தான். குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைத் தொடக்கூட விடாத நாட்களில், மூன்று வயதில் மலைக்கோயிலுக்கு வந்து முடி கொடுக்கிறோம் என்று வேண்டியிருந்தேன். தள்ளிப்போடும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்க வேண்டும். என் தம்பியை அழைக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அவன் லுங்கி நெய்கிறவன். வெற்றிலைத் தட்டை நீட்டியபோது என் பையிலிருந்து பாடப்புத்தகம் எட்டிப் பார்த்தது.

"இன்னாக்கா, எப்ப பாத்தாலும் புக்கோடவே சுத்திகினு கீற? இதுல இன்னா போட்டுகீது?"

சொன்னேன். ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஆளை வாங்கத் துப்பாக்கியும் சாராயமும் இரும்பும் கொடுத்தார்கள், துணியும் கொடுத்தார்கள், அந்தத் துணியில் நம் கடற்கரைப் பக்கத்தில் நெய்ததும் உண்டு என்றேன்.

"அப்போ ஒரு லுங்கிக்கு ஒரு ஆளா?" என்று சிரித்தான். சிரித்தபடியே தறியை நிறுத்தினான். "நம்ம ஊர்லயா நெஞ்சாங்க?"

"எந்த ஊருன்னு போடல."

"நெஞ்சவனுக்குத் தெரியுமா, எதுக்குப் போவுதுன்னு?"

"தெரிஞ்சிருக்காது."

"எனக்கு மட்டும் தெரியுதா இன்னா, இது எங்க போவுதுன்னு" என்று தறியில் இருந்த பச்சைக் கட்டத்தைக் காட்டினான். பிறகு, அதிலிருந்தே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடவே கத்தரித்து மடித்துத் தந்தான். மொட்டை போட்ட குழந்தைக்குத் தாய்மாமன் புதுத்துணி தர வேண்டும். "பாப்பாவுக்கு இடுப்புல கட்டு. மாமன் நெஞ்சதுன்னு ஊருக்கே தெரியட்டும்."

கிருத்திகை நாள். மலையில் கூட்டம் தாங்கவில்லை. முடி இறக்கும் இடத்தில் தம்பியின் மடியில் மகள் முதலில் சிரித்தாள். கத்தி பட்டதும் அலறினாள். "அம்மா பாரு, அம்மா இங்கதான் கீறா" என்றான் தம்பி. நான் பார்க்கவில்லை. கீழே விழுந்த முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் பற்றிய அந்த வரி மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்து வருந்துகிறேன். அவள் என்னைத் தேடி அலறிய நேரத்தில் நான் வேறு குழந்தைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, பச்சைக் கட்டத் துணியைக் கட்டிவிட்டேன். என் புடவை முழுக்க நனைந்துவிட்டது. என் கணவரின் அக்காவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு முந்தானையைப் பிழிந்தேன். நிமிர்ந்தபோது அண்ணி மட்டும் நின்றிருந்தார்.

"பாப்பா எங்க அண்ணி?"

"உன் பின்னாலதானம்மா வந்துச்சு! உன் புடவையப் புடிச்சிகினு நின்னுதே."

திரும்பினேன். எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய சின்னத் தலைகள். மூன்றடி முன்னால், கூட்டத்துக்கு நடுவே ஒரு தலை மட்டும் தெரிந்தது. அதே உயரம், அதே பின்கழுத்து. பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பத்து அடி போயிருப்பேன்.

"ஏம்மா! எங்க பாப்பாவ எங்க இட்டுகினு போற?"

ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். குனிந்து பார்த்தேன். யாரோ ஒரு குழந்தை, பயந்துபோய் என்னைப் பார்த்தது. கையை விட்டேன். "என் பொண்ணுன்னு நெனச்சேங்க" என்றேன். அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு அழுத்திக்கொண்டு என் கையையே பார்த்தாள். என் பிடியில் அந்தக் குழந்தையின் மணிக்கட்டு சிவந்திருந்தது.

மைக் அறையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். வயசு, மூன்று. பெண். "முடி?"

"மொட்டைங்க."

"இன்னிக்கி மேல எல்லாமே மொட்டைதாம்மா. அடையாளம் எதுனா சொல்லு."

காதுக்குப் பின்னால் மச்சம் என்றேன். எந்தக் காது என்றார். தினமும் குளிப்பாட்டுகிறவள் நான். இடது என்றேன், வலதோ என்று உடனே தோன்றியது, மறுபடியும் இடது என்றேன். பின்னால் ஓடிவந்த தம்பிதான், "பச்சக் கட்டம் போட்ட துணி கட்டிகினு இருக்குதுங்க, நான் நெஞ்சது" என்றான்.

ஒலிபெருக்கியில் என் மகளின் பெயரும் பச்சைக் கட்டமும் இடது காது மச்சமும் மலை முழுக்கக் கேட்டன. இரண்டாம் முறை சொல்லும்போது வெளியே வந்து ஒவ்வொரு குழந்தையின் இடுப்பாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மாள் அவளை உட்காரவைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். "துணியப் பாத்துதான் இதுதான்னு கண்டுகினேன். நானும் பேரு இன்னா, பேரு இன்னான்னு கேக்கறேன், மாமா மாமான்னுது. இன்னாம்மா நீ, இத்தினியூண்டு புள்ளய வுட்டுட்டு?" என்றார். திட்டியது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது என்று கணவர் சொன்னார். ஆகியிருக்காதுதான்.

மடியில் வைத்துக்கொண்டு காதை மடக்கிப் பார்த்தேன். மச்சம் வலது காதுக்குப் பின்னால் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கட்டுரைக்கு உட்கார்ந்தேன். நீடித்த விளைவுகள் என்ற தலைப்பில் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன்: ஆளற்றுப்போன ஊர்கள், அந்த உழைப்பில் சேர்ந்த செல்வம், தோலின் நிறத்தை வைத்து இன்னும் போகாத இழிவு. அவற்றை எழுதினேன். எழுதாமல் விட நினைத்திருந்த ஒன்றும் இருந்தது. அமெரிக்காவில் விடுதலை வந்தபிறகு, அடிமையாக இருந்தவர்கள் செய்தித்தாள்களில் அறிவிப்புக் கொடுத்தார்கள். விற்கும்போது பிரிக்கப்பட்ட தாயைத் தேடி, பிள்ளையைத் தேடி, பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது என்ன வயது, யாருக்கு விற்றார்கள், உடம்பில் என்ன தழும்பு என்று எழுதினார்கள். பெரும்பாலும் யாரும் கிடைக்கவில்லை.

அந்தத் தாய்மார்களும் பதற்றத்தில் இடது என்று சொல்லியிருப்பார்கள். யாரோ அதை அப்படியே எழுதி, அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பியிருப்பார்கள். வலது காதில் மச்சம் உள்ள பெண் ஒருத்தி அதைப் படிக்கக் கேட்டு, நான் இல்லை என்று போயிருப்பாள். கட்டம் போட்ட துணி என்று சொல்ல அங்கே மாமன் யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் முன்னோரை ஆப்பிரிக்கக் கரையில் வாங்கக் கொடுத்ததே அப்படியொரு துணியாக இருந்திருக்கலாம். இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதி, அடித்து, அறிவிப்புகள் பற்றி மூன்று வரி மட்டும் வைத்து அனுப்பினேன்.

பச்சைக் கட்டத் துணியைத் துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கவும் கஷ்டமாக இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடவும் மனம் வரவில்லை. மகளுக்கு முடி வளர்ந்து காதை மூடத் தொடங்கிவிட்டது. குளிப்பாட்டும்போது தினமும் விலக்கிப் பார்க்கிறேன். "இன்னாமா பாக்கற?" என்கிறாள். வலது, என்று சொல்லிக்கொள்கிறேன். மறுநாளும் பார்க்கிறேன்.