பூநாரை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டோம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகும் வழியில் ஒரு கடலோரக் கிராமத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் குத்தாலத்தில் குடியிருந்தோம். என் கணவர் முப்பத்தைந்து வருடம் சர்வேயராக நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஓய்வு பெற்ற மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பது என்னவென்று என் வயதுப் பெண்களுக்குத் தெரியும். கொல்லையில் வாழைக்கு வாழை எத்தனை அடி என்று அளந்து, நான் நெருக்கி நட்டுவிட்டதாகக் குற்றம் சொன்னார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு பாய் நான் படும் பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, திரும்பிப் போகும்போது தன் பைனாகுலரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு விடுதலை. இவரோடு சேர்ந்து நானும் ஊர் சுற்ற ஆரம்பித்தேன்.

முதலில் பக்கத்து வயலில் நத்தைகுத்தி நாரை. பிறகு தரங்கம்பாடி, நாகூர் என்று பஸ் போகிற கடலோரமெல்லாம். எனக்குக் கண் கூர்மை, நான் கண்டுபிடிப்பேன். அவர் எண்ணி நோட்டில் எழுதுவார். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் நம்பியது பறவை விஷயத்தில் மட்டும்தான்.

அன்று பூநாரை பார்க்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு கிழக்கே நடந்தோம். ஒரு பக்கம் அறுவடை நடக்கிற வயல். அதைத் தாண்டினால் உப்புத் தண்ணீர் தேங்கிய வெட்டவெளி. அங்கே கூட்டமாக நின்றிருந்தன, வெள்ளையில் லேசாகக் குங்குமம் கரைத்தாற்போல. கால் வலிக்கிறதென்று நான் ஒரு பனை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வரப்பில் இறங்கினார். பழக்க தோஷம், எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனார். வரப்போரம் சிவப்புத் துணி கட்டிய ஒரு மூங்கில் குச்சி நட்டிருந்தது. கை நடுங்காமல் இருக்க அதன்மேல் பைனாகுலரைச் சாய்த்துப் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதுமாக நின்றார்.

அந்த வட்டாரத்தில் இறால் பண்ணைக்காக நிலம் வளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் குச்சிகள் பண்ணைக்காரர்கள் நட்டவை. நாங்கள் பேப்பரில் படித்ததோடு சரி. பூநாரை நினைப்பில் அதெல்லாம் எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அரிவாளோடு எழுந்து வந்தார்கள். நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் என்னிடம் வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். முண்டாசு கட்டிய, மெலிந்த பெண்.

"யாரு நீங்க? எங்கேருந்து வர்றீங்க?"

"குத்தாலம்மா. பறவை பாக்க வந்தோம்."

"கொக்கு பாக்கவா குத்தாலத்துலேருந்து பஸ் ஏறி வந்தீங்க? அங்க கொக்கு இல்லையா?"

மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"அவரு என்ன வேலை பாத்தாரு?" என்றாள்.

அந்த ஒரு நொடியில் நான் பொய் சொன்னேன். "வாத்தியார். ரிட்டயராயிட்டாரு."

அவள் கொஞ்சம் தணிந்தாற்போலத்தான் இருந்தது. அதற்குள் வரப்பிலிருந்து ஒருத்தி அவருடைய நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அக்கா, இந்த ஆளு சர்வேயராம்! அவரே சொல்றாரு! நோட்டு பூரா அளவா இருக்கு!"

பொய் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறார். நோட்டில் 'வடக்கே 140, தெற்கே 85' என்று பறவைக் கணக்கு. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

முண்டாசுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தைக்கூடத் தாங்கியிருப்பேன். "பெரியவங்களா இருக்கீங்க. ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எங்கள் இருவரையும் வாய்க்கால் கரையில் உட்கார வைத்தார்கள். உங்களை விட்டுவிட்டால் நாளைக்குப் பொக்லைன் வந்து நிற்கும் என்றாள் ஒருத்தி. பேச்சிலிருந்து விஷயம் விளங்கியது. அவர்கள் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நட்ட நிலம் அது. ஊர்வலம் போய், ஜெயிலுக்குப் போய், நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்த நிலத்தில் ஆளுக்கு மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், பட்டா வாங்கியிருக்கிறார்கள். மேற்கே இறால் குட்டை வந்தபிறகு கிணற்றுத் தண்ணீர் கரித்துப் போயிற்று. இப்போது குச்சி இவர்கள் வரப்புக்கே வந்துவிட்டது. சேதி கேட்டு ஊருக்குள்ளிருந்து ஆண்களும் வந்துகொண்டிருந்தார்கள். போய்விடலாம் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

என் கணவர் மட்டும் நிதானமாக இருந்தார். கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி முண்டாசுக்காரியிடம் நீட்டினார். "நான் எதைப் பாத்தேன்னு நீங்களே பாருங்கம்மா."

அளக்க வருகிறவர்களும் கண்ணில் கண்ணாடி வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று அவள் முதலில் வாங்க மறுத்தாள். பிறகு வாங்கினாள். அவர் தெளிவாகத் தெரியும்படி திருகிக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"அடியே, நம்ம பூநாரைடி! மூக்கைப் பாரேன், ஒடிச்சு விட்டாப்புல!"

பிறகு பைனாகுலர் கைக்குக் கை மாறியது. வந்த ஆண்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள். தலையைச் சேற்றுக்குள் கவிழ்த்து மேய்வதைப் பார்த்து ஒருத்தி, நாற்று நடும்போது நாமும் இப்படித்தான் இருப்போம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

முண்டாசுக்காரி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "சரி, சர்வேயருன்னு சொல்றீங்க. இந்தக் குச்சி எங்க நெலத்துல இருக்கா, அவங்க நெலத்துல இருக்கா, சொல்லுங்க பாப்போம்."

இவர் முகத்தில் ஒன்றரை வருடமாக நான் பார்க்காத வெளிச்சம். பட்டாவும் நிலத்தின் படமும் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்து மடித்து வைத்திருந்ததை வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். நிலம் அளக்கும் சங்கிலி இல்லை. கிணற்றுக் கயிற்றை வாங்கி, முழம் போட்டு முடிச்சு வைத்தார். வாய்க்கால் மூலையில் ஒரு எல்லைக்கல் தெரிந்தது. அங்கே கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவள் பிடித்தாள். கயிறு பிடித்து நாங்கள் மூவரும் அந்த வயலைச் சுற்றி வந்தோம். ஓரிடத்தில் நின்று, இங்கே தோண்டுங்கள் என்றார். முழங்கை ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது. சேறு மூடிப்போயிருந்த அடுத்த எல்லைக்கல். குச்சி அதற்கு இந்தப் பக்கம், அவள் நிலத்துக்குள் இருபது காலடி தள்ளி நட்டிருந்தது.

ஒருவர் பிடுங்கப் போனார். இவர் தடுத்துவிட்டார். "கைய வைக்காதீங்க, கேஸு உங்க மேல திரும்பிடும். மனு குடுத்து முறையா அளக்கச் சொல்லுங்க. கல்லு இருக்கு, பயப்படாதீங்க." அங்கேயே தாசில்தாருக்கு மனுவும் எழுதிக் கொடுத்தார்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று அவள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நண்டுக் குழம்பும் சோறும். தண்ணீர் கரிக்கிறதே என்று அவள்தான் கூச்சப்பட்டாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உச்சவரம்பில் போன எங்கள் நிலத்தைப் பற்றி என் பிறந்த வீட்டில் பேசும்போதெல்லாம் நானும் சேர்ந்து பெருமூச்சு விட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் இவளைப் போன்றவர்கள் குடியிருக்கும் தெருவில் அதுவரை ஒரு வாய் தண்ணீர் நான் குடித்ததில்லை. அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்து அவள் மகள் எழுதிய கார்டு வந்தது. அதிகாரிகள் வந்து அளந்தார்களாம், கல் இருந்த இடத்தில்தான் எல்லை என்று ஒப்புக்கொண்டு குச்சிகளை நகர்த்திவிட்டார்களாம். ஆனால் தெற்கே இருந்தவர்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள், அங்கே குட்டை வெட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். இவர் அன்று பைனாகுலரைக் கையில் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் கடலோரமெல்லாம் சுற்றினோம். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் வயலில் வேலை செய்கிறவர்களிடம் போய், நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் பறவை பார்ப்போம். வெட்டவெளி என்று நான் நினைத்த இடமெல்லாம் யாரோ ஒருவருடைய சோறு என்று அன்றுதான் புரிந்தது. ஆனால் இன்றும் என்னை விடாமல் உறுத்துவது வேறொன்று: தன் நிலத்தைப் பறிக்க வந்தவர்கள் என்று நம்பிய இரண்டு பேரை, அதிலும் பொய் சொன்ன ஒருத்தியை, அன்று மத்தியானமே வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட அவளால் முடிந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாசலில்கூட நிற்க விட்டிருப்பேனா என்று என்னால் இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.