படகில் ஏறாத ஆள்

கரண்ட் போன காலை

பெயிண்ட் காயறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. ஃபேன் நின்னதும் என் நெத்தி வேர்வை சொட்டி, வரைஞ்சு வெச்ச கடல்ல ஒரு ஓரம் கரைஞ்சு போச்சு. மறுநாள் எல்லாத்தையும் கேமராவுக்கு அடியில வெச்சுப் படம் பிடிச்சாகணும், அதுக்கப்புறம் ஃபிலிம் மெட்ராஸ் லேபுக்குப் போவணும். எனக்கு உக்காரவே முடியல. மேஜைக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டிருந்தேன்.

"உக்காரு தேவகி. நீ நடந்தா கரண்ட் வந்துடுமா?"ன்னார் முசியே.

முசியேன்னா பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம், அவர்தான் எங்க முதலாளி. பாரீஸ்ல கார்ட்டூன் படம் எடுக்கப் படிச்சுட்டு வந்து, புதுச்சேரியில ரெண்டு ரூம் வாடகைக்குப் பிடிச்சு, மரச்சட்டத்துல ஒரு கேமராவைக் கவுத்துத் தொங்கவிட்டிருந்தார். நான் மில்லுத் தொழிலாளி மக. கோடு கோணாம இழுப்பேன்னு சேர்த்துக்கிட்டார். எழுபதுகளோட கடைசி அது.

எடுத்த படம் சின்னதுதான். கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஒரு குப்பம், புயல்ல படகெல்லாம் போயி, திரும்ப எழுந்து நிக்கிற கதை. குப்பத்துக்கு உதவி செஞ்ச ஒரு வெளிநாட்டு அமைப்பு இந்தப் படத்தைக் கேட்டிருந்துச்சு. கடைசிக் காட்சியில புதுப் படகை ஆறு பேரு கடல்ல தள்ளிட்டு, எல்லாரும் ஏறிப் போவணும்.

ஒரே செல்

இப்ப கம்ப்யூட்டர்ல வரையற பசங்களுக்காகச் சொல்றேன். அப்ப ஒவ்வொரு அசைவையும் பேப்பர்ல பென்சிலால வரைஞ்சு, அதைக் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் தாள்ல இழுத்து, பெயிண்ட் அடிப்போம். அந்தத் தாளுக்குப் பேரு செல். ஆறு பேரும் ஒண்ணாத் தள்றாங்கன்னா ஆறு பேரையும் ஒரே செல்லுல போட்டுடுவோம். வேலை மிச்சம். ஆனா நடுவுல ஒருத்தனை மாத்தணும்னா அத்தனை செல்லையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து வரையணும்.

ஆறு பேர்ல ஒருத்தன் கலியபெருமாள். புயல்ல போனவன், உடம்பு கரை ஒதுங்கல. குப்பத்துல உக்காந்து ஒவ்வொருத்தரையும் வரைஞ்சப்போ, அவன் பெஞ்சாதி அஞ்சலை வந்து, எங்க வீட்டுக்காரரையும் தள்றவங்களோட சேர்த்துடுங்கன்னு கேட்டா. போட்டோ கிடையாது. முகத்துக்கு எங்க போறது? கரையிலேர்ந்து பாக்குற காட்சிதானே, முதுகு போதும்னார் முசியே. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்னு அவ சொன்னா, அப்படியே போட்டேன்.

கரண்ட் இல்லாத அன்னிக்குத்தான் அஞ்சலை வந்தா. பெரிய மார்க்கெட்ல மீன் வித்துட்டு, காலிக்கூடையை வாசல்லயே வெச்சுட்டு, படத்துல எங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்னா. எனக்கு இருந்த எரிச்சல்ல, இவ வேறயான்னு இருந்துச்சு. ஆனாலும் பென்சில் பேப்பர் கட்டை எடுத்து விரல்ல சரசரன்னு புரட்டிக் காமிச்சேன். தோளைப் பாத்ததும் முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சா. ஆறு பேரும் தள்ளினாங்க, படகு தண்ணியில இறங்கிச்சு, ஒவ்வொருத்தனா தாவி ஏறினாங்க. கலியபெருமாளும் காலைத் தூக்கினான். சட்டுனு பேப்பர் மேல கையை வெச்சுட்டா.

"ஏத்தாதம்மா. அவரு கரையிலயே நிக்கட்டும்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. பெயிண்ட் அடிச்சு முடிச்ச செல்லெல்லாம் கொடியில தொங்குது, நாளைக்கு கேமரா, இப்ப வந்து ஏத்தாதங்கறா. முசியே பொறுமையாத்தான் சொன்னார், தள்ளினவங்க ஏறித்தான் போவாங்க, ஒருத்தர் மட்டும் நின்னா வரைஞ்சவங்க மறந்துட்டாங்கன்னு நினைப்பாங்கன்னு. நான் வெடுக்குனு, "ஏன் நிக்கணும்?"னு கேட்டேன்.

கையை எடுக்காமலே சொன்னா: "அன்னிக்குப் போவாதன்னு எவ்ளோ கெஞ்சினேன், கேக்கல. நீ வரைஞ்சா கேப்பாருல்ல?"

முசியே கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார், தொடைச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், முடியுமா தேவகின்னு கேட்டார். பேசிக்கிட்டிருந்தா முடியாதுன்னேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துச்சு எனக்கு. அஞ்சலை பஸ்ஸுக்குப் போயிட்டா. அஞ்சு பேரைத் தனிச் செல்லுலயும், கலியபெருமாளை வேற செல்லுலயும் புதுசா இழுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல முசியேவும் பக்கத்துல உக்காந்து பெயிண்ட் அடிச்சார். கழுத்து ஒடிஞ்சுது. கரண்ட் எப்ப வந்துச்சுன்னே தெரியல.

வெள்ளைத் துணி

மெட்ராஸ் லேபுலேர்ந்து ஃபிலிம் வந்தப்புறம் ஒரு நாள், பொழுது சாஞ்சதும் குப்பத்துல வலை காய வைக்கிற கம்புல வெள்ளைத் துணி கட்டிப் படத்தை ஓட்டினாங்க. துணியில ஆளு தெரியத் தெரிய, தோ எங்கப்பா, தோ மாமான்னு பசங்க ஒரே சத்தம். அப்புறம் கடைசிக் காட்சி. படகு போச்சு, அஞ்சு பேரு போனாங்க. தோள் இறங்கின ஒருத்தன் மட்டும் மணல்ல நின்னான்.

உதவி அமைப்புக்காரர் குனிஞ்சு, அது தப்பாங்கற மாதிரி கேட்டார். முசியே பிரெஞ்சுல ஏதோ சொன்னார். அந்தாளு அஞ்சலை பக்கம் திரும்பிப் பாத்தார்.

"இன்னொரு தடவ ஓட்டச் சொல்லும்மா"ன்னா அஞ்சலை. ஓட்டினோம். அதுக்கப்புறமும் ஒரு தடவ கேட்டாங்க, ஆனா கேட்டது அவ இல்ல. புயல்ல ஆளைத் தொலைச்ச மத்த வீட்டுப் பொம்பளைங்க.

தம்பிங்களா, முடிச்ச வேலையை மாத்தச் சொல்லி உங்ககிட்டயும் வருவாங்க. கோபம் வரட்டும், எனக்கு இன்னிக்கும் வருது. ஆனா ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அன்னிக்கு நான் கேக்காம விட்டிருந்தா, கலியபெருமாளை ரெண்டாந்தடவையும் கடலுக்கு அனுப்பியிருப்பேன்.