வருஷத்தின் முதல் பிட்டா

எனக்கும் அக்காவுக்கும் ஒரு சட்டம் உண்டு. வருஷா வருஷம் பார்க்கும் பறவைகளைப் பட்டியல் போடுவோம்; அதில் முதல் பறவை காக்காயாக இருக்கக் கூடாது. அதனால் ஜனவரி முதல் தேதி விடிந்ததும் எங்கள் ஊர் செனாவாங்கிலிருந்து அக்கா மோட்டார் சைக்கிளை ஓட்டுவாள். நான் பின்னால் கண்ணில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோலா பிலா பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை எஸ்டேட் வந்த பிறகுதான் அவிழ்ப்பேன். ஓட்டுகிறவள் பார்த்த காக்காய் கணக்கில் சேராது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் முடிச்சை அவிழ்க்கும் முன்பே குரல் கேட்டுவிட்டது. பிட்டா! நீல இறக்கை, சிவந்த வயிறு, வடக்கே குளிர் தொடங்கினால் இங்கே வந்துவிடும் குருவி. பல வருஷமாக எங்களுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த மாதங்களில் அது வாயைத் திறப்பதே அபூர்வம். காதால் கேட்டாலும் கணக்குண்டு என்பது இன்னொரு சட்டம். உடனே போனில் பட்டியலைத் திறந்து எழுதினேன். சந்தோஷத்தில் அக்கா என் முதுகில் ஓங்கிக் குத்தினாள்.

குரலைத் தேடிச் செம்பனை வரிசைக்குள் போனோம். அது மூச்சு விடாமல் ஒரே மாதிரி கூவிக்கொண்டே இருந்தது. ஓலைக் குவியலுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஸ்பீக்கர். பறவைகளை வலைக்கு இழுக்கக் கூவிக்கொண்டிருந்தது அதுதான். அதற்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய மெல்லிய வலை. மீன்கொத்தி ஒன்று அதில் விறைத்துத் தொங்கியது. அதன் கீழே நிஜமான பிட்டா, தலைகீழாக, காலில் இரத்தம் வடிய, உயிரோடு எங்களைப் பார்த்தது.

"பாவிப் பய!" என்றேன்.

"கத்தாதடி. நீ பறவையை மெதுவா பிடி, நான் நூலைக் கடிச்சு எடுக்கிறேன்" என்றாள் அக்கா. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் பெருக்கித் தள்ளுகிறவள்.

பாதி நூல் போயிருக்கும். பின்னால் ஒருவன் பாராங் கத்தியோடு ஓடி வந்தான். "ஏய், யாரும்மா நீங்க? என் வலையில கை வைக்காதீங்க லா!"

"உன் வலையா? நாசமாப் போவடா நீ!" முள்ளோடு கிடந்த செம்பனை மட்டையை எடுத்து அவன் மணிக்கட்டில் விளாசினேன். கத்தி விழுந்தது. அவன் என் தலைமுடியைப் பிடித்து மரத்தில் மோதினான். நெற்றி பிளந்து கண்ணில் இரத்தம் இறங்கியது. மறுபடியும் மோதினான்.

அக்கா பறவையை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவன் கையில் பல்லைப் பதித்துத் தொங்கினாள். அலறிக்கொண்டு அவளை உதைத்துத் தள்ளியவன், வலையிலிருந்த பிட்டாவைப் பிடித்தான். "இதுக்குத்தானே? இந்தா!" கழுத்தைத் திருகி, பிய்த்து, அக்காவின் காலடியில் எறிந்தான்.

ஸ்பீக்கரில் அது இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

நான் பாராங்கை எடுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் ஓட்டம் பிடித்தான். துரத்தியிருந்தால் கொன்றிருப்பேன், சத்தியமாக. ஸ்பீக்கரைத் துண்டு துண்டாக வெட்டினேன். வலையையும் கிழித்துப்போட்டேன்.

அக்கா உதடு கிழிந்து, பறவையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஒரே ஒரு நூலுதான்டி பாக்கி இருந்துச்சு" என்று விக்கி விக்கி அழுதாள்.

நாங்கள் கேட்டது ஸ்பீக்கரைத்தான், அது கணக்கில்லை; வலையில் சிக்கியதைப் பார்த்ததும் சேராது. பிட்டாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமென்று போனைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதடி. நீ எழுதுனப்ப அது உயிரோடதான் இருந்துச்சு."