செருப்பைக் கழற்றச் சொன்ன டாக்டரம்மா

வாரத்தில் பாதி நாள் மதுரையில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம், மீதி நாள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி. நரைத்த கிராப்புத் தலை, காதில் பொட்டுக் கம்மல். இருமல் என்று போனாலும் அந்த டாக்டரம்மா முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைத்தான் பார்ப்பார். சர்க்கரைக்காரர்களின் கால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது.

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனபோது கேட்டே விட்டேன். "எங்க காலை வச்சு நீங்க பேர் வாங்கவா டாக்டரம்மா?"

"எழுதத்தாண்ணே போறேன். வேணாம்னா உங்களை எழுதலை. செருப்பைக் கழட்டுங்க."

"என்னைய எழுதக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் காலை நீட்டினேன். குதிகாலுக்குள் கருவேல முள் ஒடிந்து சீழ் கட்டியிருந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு, கால் மரத்துப்போனதில் வலியே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலையே எடுத்திருப்பாங்கண்ணே" என்றார்.

புண் ஆறும்வரை அவரே கட்டுப் போட்டார். ஆறியதும் மனசு கேட்காமல் சொன்னேன்: "இப்ப எழுதிக்கங்கம்மா. போட்டோகூட எடுத்துக்கங்க."

"வேணாம்ணே. இது நன்றிக்குச் சொல்றது. அன்னைக்குச் சொன்னதுதான் உங்க மனசு" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆராய்ச்சிக்கு உதவாத காலை எதற்கு அத்தனை நாள் மடியில் வைத்துத் துடைத்தார்? வீடு வரும்வரை சந்தேகப்பட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.