எல்லாருக்கும் நான் எழுதிய ஒரே சொல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். செஞ்சியில் ஒரு சின்ன தர்ம வைத்தியசாலையில் நான் கம்பவுண்டராக இருந்தேன். எங்கள் டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். புது டாக்டர் வரும்வரை பார்த்துக்கொள் என்று சாவியை என் கையில் கொடுத்தார்கள். அந்த 'வரும்வரை' ஒன்றரை வருஷம் நீண்டது. சிவப்பு மிக்சர், வெள்ளை மிக்சர், டிங்சர், விளக்கெண்ணெய், இவ்வளவுதான் என் வைத்தியம். ஆனால் ஊரார் என்னை டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் யாராவது கம்பவுண்டர் என்று கூப்பிட்டால்தான் கோபம் வந்தது.

வைத்தியசாலையில் ஒரு பதிவேடு உண்டு. வருகிறவரின் பெயர், ஊர், நோய் மூன்றையும் எழுத வேண்டும். நோய் என்ற இடத்தில் மூன்று பேருக்கு நான் 'பைத்தியம்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒருவர், படித்த பிள்ளை. இருபது வயதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குளிப்பதில்லை, ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் தொடர்பில்லை. பத்து வருஷமாக அவருடைய தாயார் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். இன்னொருவர் மொடாக்குடி வண்டிக்காரர். ஒரு தடவை மூன்று நாள் கள் கிடைக்காமல் போய், உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார்.

மூன்றாவது ஆள் எங்கள் ஊர் கிலேதார். கிலேதார் என்றால் கோட்டைக்குக் காவல் தலைவர். ராஜாக்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, இவர் மட்டும் பதவியில் இருந்தார்! கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். எடையில் ஒரு கொட்டை குறையாது. பெண்டாட்டி, பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லாம் உண்டு. பேசினால் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார். ஆனால் விடிந்ததும் கையில் தடியோடு ராஜகிரி மலை ஏறிவிடுவார். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. கீழே விழுந்தால் எலும்புகூடத் தேறாது. அந்தப் பாலத்தைக் காக்கச் சொல்லி ராஜா தனக்கு ரகசிய உத்தரவு போட்டிருப்பதாக அவர் நம்பினார். மத்தியானம்வரை காவல், அப்புறம் இறங்கி வந்து மல்லாட்டை. நாங்கள் அவரைச் சீண்டாத நாள் கிடையாது. நானும்தான்.

நான்காவதாக என் தங்கையின் பெயரை அதே பதிவேட்டில் எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. சுகப்பிரசவம். வீடே சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவள் பகலில் கண்ணயரக் கூடாது, தூங்கினால் ஜன்னி கண்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ராத்திரியில் குழந்தை தூங்க விடாது, பகலில் நாங்கள் விடமாட்டோம். அவளுக்குக் கண் சொருகினால் அம்மா தோளைத் தட்டி எழுப்புவாள். அம்மா வேலையாக இருந்தால் அந்தப் பொறுப்பு எனக்கு. டாக்டரே சொல்கிறார் என்ற அதிகாரத்தோடு எழுப்புவேன்.

ஐந்தாம் நாள் அவள் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தாள். பாடினாள், சிரித்தாள், அடுத்த நிமிஷம் தேம்பி அழுதாள். தூக்கம் அடியோடு போய்விட்டது. எட்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது எம்புள்ள இல்ல. மாத்திட்டாங்க. எம்புள்ள கோட்ட மேல இருக்குது. கூப்புடுது பாரு, உனுக்குக் கேக்கல?" என்றாள்.

நடுவில் ஒரு மணி நேரம் பழைய தங்கையாகவே இருப்பாள். "எனுக்கு இன்னாண்ணே ஆவுது?" என்று கேட்டு அழுவாள். நான் பதில் சொல்வதற்குள் கண்கள் வேறு எங்கோ போய்விடும். கோயிலுக்குக் கூட்டிப் போனோம், கயிறு கட்டினோம், வேப்பிலை அடித்தோம். இரண்டு தடவை வாசலைத் தாண்டி ஓடினாள். மாட்டுச் சங்கிலியை எடுத்து அவள் காலில் போட்டது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். அன்றைக்கே பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் அதே சொல்லை எழுதினேன்.

செய்தி கேட்டு அவள் மாமியார் வந்தார். தூளியில் கிடந்த குழந்தையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். "மூணாம் மாசம் வருவோம். அவ தெளிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் கூட்டிக்குனு போறோம். இல்லன்னா கொழந்தைய மட்டும் குடுத்துடுங்க. எம்புள்ளைக்கும் ஒரு வழி பண்ணணுமில்ல?" என்றார். கொடுமைக்காரி இல்லை, பயந்துபோன ஒரு தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். பைத்தியம் என்றால் பைத்தியம்தானே, பத்து வருஷமானாலும் அந்தப் படித்த பிள்ளை மாதிரி இப்படியேதான் இருக்கப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். என் தங்கை தன் குழந்தையை இழப்பதற்கு நானே சம்மதம் கொடுத்துவிட்டேன்.

குழந்தைக்கு இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும். சங்கிலி உரசி அவள் கணுக்கால் புண்ணாகிவிட்டது. காலையில் டிங்சர் போடலாமென்று சங்கிலியை அவிழ்த்தேன். நான் போட்ட சங்கிலிக்கு என் கையாலேயே மருந்து! பஞ்சு எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவளைக் காணோம். தூளியும் காலி.

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு பெண் கோட்டைப் பக்கம் ஓடினாள் என்று தெருவில் போன ஒருவர் சொன்னார். கோட்டை மேலிருந்து பிள்ளை கூப்பிடுகிறது என்று அவள் சொன்னது என் காதில் இடித்தது. மேலே என்றால் அந்தப் பாலம். பாலம் என்றால் அந்தப் பிளவு. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மலைப்படிகளில் இரண்டு இடத்தில் விழுந்தேன். பச்சை உடம்புக்காரி, புண்பட்ட காலோடு இதை எப்படி ஏறினாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏறும்போது கடவுளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், கீழே பார்க்கும் தைரியத்தைக் கொடு என்று.

பாலத்துக்கு முன்னால் கிலேதார் குறுக்கே உட்கார்ந்திருந்தார். தடி பக்கத்தில் கிடந்தது. அவர் மடியில், அவருடைய துண்டுக்குள், குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பாறை நிழலில், என் தங்கை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அசந்த தூக்கம். வாய்கூட லேசாகத் திறந்திருந்தது.

நான் கத்திக்கொண்டு போனேன். அவர் வாயில் விரலை வைத்தார்.

"தூங்கறவள எழுப்பாத. எத்தினி நாளாச்சோ தூங்கி, மொகத்தப் பாத்தா தெரியல?"

பிறகு நடந்ததை மெதுவான குரலில் சொன்னார். பாலத்தைத் தாண்ட வேண்டும், இதைக் கொடுத்துவிட்டு மேலே இருக்கிற என் பிள்ளையை வாங்க வேண்டும் என்று இவள் வந்து நின்றிருக்கிறாள். உத்தரவு இல்லாமல் ராஜா வீட்டுப் பெண்ணையே விடமாட்டேன் என்று இவர் மறித்திருக்கிறார். உத்தரவு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாள். "நேரமாவும். அதுவரைக்கும் கொழந்தைய நான் வெச்சிக்கறேன், நீ செத்த நேரம் படும்மா" என்று சொல்லி, தன் குடுவைத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். அவள் படுத்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். எங்கள் வீட்டில் இருபத்தைந்து நாளாக யாரும் அவளிடம் சொல்லாத ஒரு வார்த்தை, படும்மா.

நான் தங்கையின் பக்கத்தில் குனிந்தேன். "பச்ச ஒடம்புக்காரி. கால்ல இன்னா காயம் இது? இப்படியா பாத்துக்கறது?" என்று என்னைக் கடிந்துகொண்டார். ஒரு தகப்பன் பேசுகிற பேச்சு. அடுத்த மூச்சிலேயே, "நீ மேல போவணும்னா உத்தரவு கொண்டாந்திருக்கியா?" என்று தடியைக் கையில் எடுத்தார். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். என் பதிவேட்டில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருந்த இரண்டு பேர் என் கண்முன்னால் இருந்தார்கள், ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றியிருந்தார். அந்த மலையைவிடப் பெரிய ஏதோ ஒன்றின் முன்னால் நிற்பது போல் இருந்தது. அவள் தானாக விழிக்கும்வரை காத்திருந்து, இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அதே வாரம் புது டாக்டர் வந்து சேர்ந்தார். பெண் டாக்டர். பட்டணத்தில் மனநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். வந்ததும் பதிவேட்டைப் புரட்டினார்.

"காய்ச்சல்னு எழுதினா, மலேரியாவா டைபாய்டான்னு பாக்க மாட்டீங்களா கம்பவுண்டர்? இதை மட்டும் எப்படி ஒரே வார்த்தையில முடிச்சீங்க?"

கம்பவுண்டர் என்று கூப்பிட்டதற்கு எனக்கு அன்று கோபம் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உடனே எழுந்து என்னோடு வீட்டுக்கு வந்தார். தங்கைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. இதற்கு முன்னால் இப்படி இருந்ததுண்டா, எந்த நாளில் ஆரம்பித்தது, நடுவில் தெளிகிறாளா என்று அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டார். மூலையில் கிடந்த சங்கிலியைத் தன் கையாலேயே எடுத்து மாட்டுக் கொட்டகையில் போட்டார்.

பிறகு எனக்கு விளக்கினார். நான்கு பேருக்கும் இல்லாதது இருப்பதாகத் தோன்றுகிறது, அந்த ஒரு விஷயம்தான் பொது என்றார். அந்தப் படித்த பிள்ளைக்கு வந்திருப்பது இளவயதில் மெல்ல மெல்ல வந்து வருஷக்கணக்கில் தங்குகிற நோய். இப்போது மனச்சிதைவு என்கிறார்களே, அது. குரல்கள் கேட்கும், எண்ணமே சிதறிப்போகும். வண்டிக்காரருக்கு வந்தது குடியை உடம்பு திடீரென்று இழந்ததால் வந்த குழப்பம். உயிருக்கே ஆபத்தானது, ஆனால் காரணம் தீர்ந்தால் தானும் தீர்ந்துவிடும். கிலேதாருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மட்டும் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. எவ்வளவு வாதாடினாலும் அசையாது, ஆனால் அந்த ஒன்றைத் தவிர மற்ற அறிவு முழுசாக இருக்கும்.

"உங்க தங்கச்சிக்கு வந்தது வேற. பிரசவமான சில நாள்ல புயல் மாதிரி வரும். ஏறும், இறங்கும். தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது. ஆனா இப்படி வந்தவங்க பெரும்பாலும் முழுசா திரும்பி வந்துடுவாங்க. ஏன் வருதுன்னு கேக்காதீங்க, எங்களுக்கே முழுசா தெரியாது." மருந்துப் பையைத் திறந்துகொண்டே சொன்னார், "முதல்ல அவங்களைத் தூங்க விடுங்க. தூங்கவிடாம வெச்சது எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு."

தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். அம்மா வழக்கத்தை நினைத்து முணுமுணுத்தாள். நான் அம்மாவை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்ச் சங்கிலியைக் காட்டினேன், அதற்கப்புறம் அவளே தங்கைக்குப் பாய் விரித்தாள். இரண்டு பேரும் முறைபோட்டு அவள் பக்கத்திலேயே இருந்தோம். மறுவாரம் மாமியார் ஊருக்குப் போய், தெரியாமல் தலையாட்டிவிட்டேன், இது திரும்பி வருகிற நோய் என்று கும்பிட்டுச் சொன்னேன். "வந்து பாக்கறோம்" என்றார், அவ்வளவுதான்.

நாட்கள் ஓடின. ஒரு வாரம் தெளிவாள், மறுபடி கலங்குவாள். நான் நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் மாதம் பிறக்கப் பத்து நாள்தான் பாக்கி. ஒரு காலை கஞ்சி கொண்டுபோனேன். குழந்தையை மடியில் போட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இவனுக்கு மூக்கு நம்ம நைனா மூக்கேதான், பாத்தியா?"

கஞ்சியைக் கீழே வைத்தேன். தன் பிள்ளை இல்லை என்று சொன்ன அதே வாய், இப்போது எங்கள் அப்பா மூக்கு என்கிறது. எங்கே போயிருந்தாள், எந்த வழியாகத் திரும்பி வந்தாள்? அதற்கப்புறம் எத்தனையோ நோயாளிகள் பிழைத்து எழுந்ததைப் பார்த்துவிட்டேன். அப்படியொரு அதிசயத்தை மறுபடி நான் பார்க்கவில்லை.

பிறகு கணுக்காலைத் தடவி, "இன்னா தழும்பு இது?" என்று கேட்டாள். நான் செய்தது என்று சொல்லி அழுதேன். என் கண்ணைத் துடைத்துவிட்டு, "நீயும் பயந்துட்டியாண்ணே?" என்றாள்.

மாமியார் வந்தபோது தங்கையே எதிரே போய்க் குழந்தையை அவர் கையில் கொடுத்து, "வாங்கத்த, வழியில வெயில் அதிகமா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் குழந்தையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டார். ஊருக்குப் புறப்படுமுன் கிலேதாரைப் பார்க்க வேண்டும் என்றாள், மல்லாட்டைக் கடைக்குக் கூட்டிப் போனேன். கும்பிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உத்தரவு இன்னும் வரலம்மா" என்று ரகசியமாகச் சொல்லி, குழந்தையின் கையில் இரண்டு மல்லாட்டையை வைத்தார். அவருடைய நோய் கடைசிவரை மாறவில்லை. அதற்கப்புறம் நான் அவரைச் சீண்டியதும் இல்லை.

அடுத்த பிரசவத்தில் மறுபடி வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டாவது குழந்தை பிறந்தபோது ராத்திரி பகல் பாராமல் அவளைத் தூங்க வைத்தோம், ஒன்றும் வரவில்லை. எனக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. பட்டப்பகலில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி கண்ணயர்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் தட்டி எழுப்பக் கையை நீட்டினால், பாலத்தருகே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதரைப் போலவே என் விரலும் தானாக என் வாயில் போய் நிற்கிறது.