பெரிய பிள்ளைகள் அணி

தசரா விடுமுறையில் தீம் பார்க் போகலாம் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள் அலமுதான். அந்த நினைப்புதான் நாலு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஆனால் ரோஸ்லினிடம் பேச்சுக்கென்று எதையும் சொல்லக் கூடாது. அலமு குடியிருக்கும் மெட்டுகுடா ரயில்வே காலனி குவார்ட்டர்ஸுக்கு எதிரே உள்ள அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடி அவள் வீடு. நாகர்கோவில்காரி, மென்பொருள் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை காலைக்குள் அலமுவின் போனுக்கு ஒரு அட்டவணை வந்துவிட்டது. இரண்டு குடும்பம், ஒரு வேன், ஒரு ராத்திரி ஹோட்டல்.

பிள்ளைகளை இரண்டாகப் பிரித்திருந்தாள். ‘பெரிய பிள்ளைகள் அணி’யில் ரோஸ்லினின் மகள் அனுபமா, வயது பதினைந்து, அலமுவின் மகன் வினய், பதினான்கு. அவர்களுக்குப் பொறுப்பு ரோஸ்லினின் கணவன் ஆனந்தகுமார். ‘சின்னப் பிள்ளைகள் அணி’யில் ரோஸ்லினின் மகன் மனோஜ், எட்டு, அலமுவின் மகள் ஸ்ரீஜா, ஆறு. அவர்களோடு இரண்டு அம்மாக்கள். கீழே மணிக்கணக்கு. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, பெரிய பிள்ளைகள் அலைக்குளத்தில். பன்னிரண்டே காலுக்கு, இருட்டில் விளக்குகள் வெட்டி வெட்டி மின்னும் மின்னல் சுரங்கம்.

அலமு அந்த இரண்டு வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். வினய்க்கு வலிப்பு வரும்.

இது அவனுக்கும் அலமுவுக்கும் அவள் கணவன் பழனிசாமிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஸ்ரீஜாவுக்குக்கூடத் தெரியாது. முதல் தடவை வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. இரண்டாவது, போன நவம்பரில், இரண்டு நாள் மாத்திரை தவறியபோது. ரயில்வே ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். காசும் வாங்க மாட்டார்கள். ஆனால் அங்கே போகவில்லை. உப்பல் ஏரியாவைத் தாண்டி ஒரு தனி டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனார்கள்.

ஏனென்று காலனியில் எந்த டிரைவர் வீட்டில் கேட்டாலும் தெரியும். பழனிசாமி லோகோ பைலட். ரயில் ஓட்டுகிறவன் உடம்பு ஊர்ச் சொத்து. கண், காது, ரத்தக்கொதிப்பு எல்லாம் காகிதத்தில் ஏறும். அவனோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவனை ஒருநாள் மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதி இறக்கினார்கள். இன்றைக்கும் அவன் ஒரு ஆபீஸ் மூலையில் கவருக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறான். அன்று முதல் பழனிசாமி வீட்டில் தலைவலி வந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வரும். மகனுடைய நோய் அப்பாவின் காகிதத்தில் ஏறாது என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன, பயம் அதையெல்லாம் கேட்காது. நாளைக்குப் பையனும் ரயில்வே பரீட்சை எழுதினால்?

அலமு பிறந்ததே இந்தச் சந்துகளில்தான். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு கலையை நன்றாகக் கற்றிருந்தாள்: சத்தமில்லாமல் வீடு நடத்துவது. ராத்திரி வண்டி ஓட்டி வந்தவன் பகலில் தூங்குவான். மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, பிள்ளைகள் சண்டை போட்டால்கூட உதட்டசைவில்தான். அவள் வீட்டில் எத்தனையோ விஷயம் வெளியே கேட்காமல் நடந்திருக்கிறது. இதையும் அப்படியே நடத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பழனிசாமியிடம் அட்டவணையைக் காட்டினாள்.

“கேன்சல் பண்ணு. எனக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லு.”

“உங்களுக்கு லீவு கிடைக்காதுன்னு வெச்சுதான் அவ பிளானே போட்டிருக்கா.”

“ஸ்ரீஜாவுக்கு ஜுரம்னு சொல்லு.”

“அடுத்த வாரம் வரப்போற ஜுரத்தை இன்னிக்கே எப்படிங்க சொல்றது?”

அவன் சிரிக்கவில்லை. “எதுக்கு இந்த வம்பெல்லாம்? என்ன வேணா சொல்லு. அதை மட்டும் சொல்றது நக்கோ, வேணாம். ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா போதும், டியூட்டிக்குப் போற இடம் வரைக்கும் போயிடும்.”

“அவங்க காலனி இல்லையே.”

“அவங்க வீட்ல பாத்திரம் தேய்க்கற கனகம் காலனிதானே?”

மறுநாள் காலை பதினொன்றரைக்கு ரோஸ்லின் வீட்டுக்கு மாடி ஏறினார்கள். பன்னிரண்டு மணிக்குள் டிக்கெட் போட்டால்தான் விடுமுறைச் சலுகை. ஸ்ரீஜா முன்னால் ஓடினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வினய் நின்றான். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவன், வாயைத் திறந்தால் தெலுங்கோ இந்தியோதான் வரும்.

“செப்பொத்து மம்மி. ப்ளீஸ்.”

சொல்லாதே என்கிறான். அலமு அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆனந்தகுமார் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, முக்கால்வாசிப் படிவத்தை நிரப்பியிருந்தான். எதற்கும் சிரிக்கிற மனிதன்.

“வாங்க அக்கா. பத்தே நிமிசம், முடிச்சிருவோம். அண்ணன் வரலியா?”

“தூங்கறாரு.”

“குடுத்து வச்சவரு.”

அலமு உட்காரவில்லை. வரும்போதே ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியத்தைச் சொன்னாள். “ஒரு சின்ன சேஞ்ச். வினய் எங்ககூடயே இருக்கட்டும். ஸ்ரீஜாவைச் சமாளிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்.”

சோபாவிலிருந்து அனுபமா தலை தூக்கினாள். “ஆன்ட்டி! அவனை பேபி பூல்லயா விடப்போறீங்க? வினய், உனக்கு டக் ட்யூப் வாங்கித் தரட்டா?”

மனோஜ் வாத்து மாதிரிக் கத்தினான். ஸ்ரீஜாவும் கத்தினாள். வினய் காது நுனி சிவக்க ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

“நான் ஒருத்தன் இருக்கேன்லா அக்கா, பாத்துக்கிட மாட்டனா?” என்றான் ஆனந்தகுமார். “என்ன, போன் லாக்கர்ல கெடக்கும். ஒரு மணி நேரம் எங்களக் கூப்பிட முடியாது, அவ்வளவுதான். சரி, கடைசிப் பக்கம் வந்தாச்சு.” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரையில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தான். “வருகிற யாருக்கும் இதய நோய், வலிப்பு, முதுகெலும்புப் பிரச்சினை, கர்ப்பம் இல்லைன்னு உறுதி சொல்லுகேன். ரோஸ்லின், உனக்கு ஏதும் விசேஷம் உண்டாட்டி?”

“சும்மா கெடங்க. பிள்ளைய முன்ன வச்சுக்கிட்டா இந்தப் பேச்சு?” ரோஸ்லின் சிரித்தபடி அவன் தோளில் தட்டினாள்.

அவன் கை மவுஸைத் தேடியது. அந்தச் சின்னக் கட்டத்தில் அவன் ஒரு தட்டு தட்டினால் போதும். வினய் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணுக்குள் அலைக்குளம் வந்தது. நூறு தலைகளுக்கு நடுவே ஒரு தலை கீழே போகும். பக்கத்திலிருந்து ஆனந்தகுமார் பார்ப்பான். மூச்சடக்கி விளையாடுகிறான் பையன் என்று நினைத்துச் சிரிப்பான்.

“அதை டிக் பண்ணாதீங்க,” என்றாள் அலமு. “வினய்க்கு ஃபிட்ஸ் வரும்.”

வாத்துச் சத்தம் நின்றது. வினய் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். படிகளில் அவன் இறங்கும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

“எப்பலேருந்து?” ரோஸ்லின் கேட்டாள்.

“ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ரெண்டே ரெண்டு தடவை. கடைசியா போன நவம்பர்ல.”

“நவம்பர்.” ரோஸ்லின் விரல் மடக்கி எண்ணினாள். “ஜூன்லேருந்து எம்பிள்ள அவன் சைக்கிள் பின்னால உக்காந்து ஸ்கூலுக்குப் போறான்.”

அலமு தலையாட்டினாள்.

“ரயில்வே பாலத்து மேல. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல.”

“ஆமா.”

“டாக்டர் சைக்கிள் ஓட்டலாம்னா சொன்னாரு?”

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. “மெயின் ரோட்ல வேண்டாம்னாரு.”

“பின்ன எதுக்கு அனுப்பினிய?”

“மனோஜைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி நீ கேட்டப்ப முடியாதுன்னா, ஏன்னு கேட்டிருப்பியே.”

“கேட்டிருப்பேன்! கேட்டா சொன்னா என்ன?” ரோஸ்லினின் குரல் உடைந்தது. “நான் உங்கள அக்கா அக்கான்னு கூப்பிட்டது வாய் ருசிக்கா? உங்க பிள்ளைக்கு நோக்காடு வந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. எம்பிள்ள உசிர வச்சு உங்க ரகசியத்த மூடினியளே, அதுக்குத்தான்.”

“மம்மி, ஃபிட்ஸ்னா என்ன?” என்று மனோஜ் கேட்டான். ரோஸ்லின் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. லேப்டாப்பில் நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்திருந்தது. ஆனந்தகுமார் அதை மூடினான். முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அலமு ஸ்ரீஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

திங்கட்கிழமை மனோஜ் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனான். வினய் நடந்தே போனான். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அம்மாவின் முன்னால் வைத்தான். “சப்கோ போல் தோ,” என்றான். எல்லாருக்கும் போய்ச் சொல்லு. அதற்கப்புறம் பேச்சில்லை. மாத்திரையை மட்டும் அவள் நீட்டும்போது வாங்கி, அவள் முன்னாலேயே விழுங்கினான். பழனிசாமி கத்தவில்லை. அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. தட்டில் கையை வைத்தபடி, “முடிஞ்சுது,” என்றான் ஒருமுறை, சாப்பிடாமல் எழுந்து போனான்.

தெருவில் இரண்டு பெண்கள் நின்று பேசினால் அலமு வேறு சந்து வழியாகச் சுற்றிப் போனாள். செவ்வாய்க்கிழமை கனகம் எதிரே வந்தாள். வழக்கம்போல வெங்காய விலையைச் சொல்லிவிட்டுப் போனாள். தெரியுமா தெரியாதா என்று அவள் முகத்தில் தேடித்தேடி அலமு களைத்துப்போனாள்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ரோஸ்லினும் ஆனந்தகுமாரும். பிள்ளைகளை அழைத்து வரவில்லை. பழனிசாமி எழுந்து பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டான். அறைக்குள் வினய் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

ரோஸ்லின் உட்காரவில்லை. “சைக்கிள் இனி கிடையாது. அத மொதல்ல சொல்லிப்போடுகேன்.”

“சரி,” என்றாள் அலமு.

“என் கோவம் இன்னும் போவல. அது போவும்போது போவட்டும்.” கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். “அனுபமா நெட்ல தேடி ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கா, எதுல ஏறலாம், எதுல கூடாதுன்னு. நெட்ட நம்பி நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். இப்ப பார்க்குக்கே போன் போடுகேன். உங்க முன்னாலதான் கேக்கணும்.”

பழனிசாமி ஒரு அடி முன்னால் வந்தான். “பேர் சொல்லியா?”

“பேர் சொல்லாம எப்படி அண்ணே? தண்ணிக்குப் பக்கத்துல நிக்கவனுக்கு, எந்தப் பிள்ளன்னு தெரிய வேண்டாமா?”

போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலின் மேல் வைத்தாள். இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் இந்தியில் வந்தது. ரோஸ்லினின் இந்தி கரடுமுரடானது, ஆனால் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. பதினான்கு வயதுப் பையன், வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறான், பதினோரு மாதமாக வரவில்லை. திறந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலனிப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அலமு எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை.

அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது. மின்னல் சுரங்கம் கூடாது. உயரத்திலிருந்து விழுகிற எதுவும் கூடாது. டாக்டர் கடிதம் கொண்டு வந்து, அவர் சம்மதித்தால், முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெரியவரோடு இறங்கலாம். குளத்துக் காவலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். ரயில், படகு, ராட்டினம் தடையில்லை. அறை வாசலில் வினய் வந்து நின்றிருந்தான். படகு என்றபோது அவன் கண்கள் ஒரு கணம் போனின் பக்கம் போயின.

“பையன் பேர்?” என்று கேட்டது குரல்.

ரோஸ்லின் அலமுவைப் பார்த்தாள். அலமு, கணவனின் வாயிலிருந்து ஒரு ‘நக்கோ’ வரும் என்று காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வினய்,” என்றாள் அலமு. “பி. வினய்.”

விசைப்பலகை தட்டும் சத்தம். “என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்?”

அலமு சீட்டைத் தேடி அலமாரிப் பக்கம் திரும்பினாள். அதற்குள் பழனிசாமி குனிந்து, போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், மாத்திரையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். மில்லிகிராமைச் சொன்னான். காலை எட்டு, இரவு எட்டு என்றான். அங்கே சரியாகக் கேட்கவில்லை போலும். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னான்.